வலிப் பேரரசின் கதை: சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

அமெரிக்காவில் 1999-ல் போதை தரும் மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு இறந்தவர்கள் ஏறத்தாழ 17,000 பேர். 2021-ல் இந்தத் தொகை 1,06,000-ஐத் தாண்டிவிட்டது. அதே 2021-ல் அந்நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் சுமார் 43,000 பேர் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர் இல்லை, பஞ்சம் இல்லை. மருத்துவத்துக்காக உலகிலேயே அதிகம் செலவிடும் நாட்டில், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலிருந்து கிளம்பிய கொள்ளைநோய் இது.

இது எங்கே முளைவிட்டது என்று தேடிச் சென்ற நூல்களில் மிகுதியும் பேசப்படுவது, பேட்ரிக் ராடன் கீஃப் என்ற பத்திரிகையாளர் எழுதிய 'எம்பயர் ஆஃப் பெயின்'. 'வலியின் பேரரசு' என்று தமிழில் சொல்லலாம். 2021-ல் வெளிவந்து அவ்வாண்டே பிரிட்டனின் பெய்லி கிஃபோர்ட் பரிசைப் பெற்றது. நல்ல நூல், கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் விஞ்ஞானத்தில் அக்கறையுள்ள வாசகர் ஒருவர் இதைப் படித்து முடிக்கும்போது, இத்தனை பேரைச் சாகாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்காது. அதைவிட மோசம், தவறான விடை ஒன்று இருக்கக்கூடும். அதனால்தான் இந்த நூலைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

முதலில் கதைச் சுருக்கம். மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மூன்று பிள்ளைகள்: ஆர்தர், மார்ட்டிமர், ரேமண்ட் சாக்லர். மூவரும் டாக்டர்கள் ஆனார்கள். 1952-ல் பர்டியூ ஃபிரெடரிக் என்ற சிறிய மருந்துக் கம்பெனி குடும்பத்தின் கைக்கு வந்தது. மூத்தவர் ஆர்தர், மருந்து விளம்பரத்தில் மன்னர். வாலியம் மாத்திரையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும் பங்கு அவருடையது. அவர் 1987-ல் இறந்தார். இந்தக் கதையின் வில்லனான ஆக்ஸிகான்டின் மாத்திரையோ 1996-ல்தான் கடைக்கு வந்தது. அப்படியிருக்க, நூலில் மூன்றில் ஒரு பங்கு ஆர்தருக்கா என்று வாசகர் கேட்கலாம். மருந்தை நோயாளியிடம் விற்க வேண்டியதில்லை, டாக்டரிடம் விற்றால் போதும் என்ற கலையை வகுத்தவர் ஆர்தர். தம்பிமார் குடும்பங்கள் அதைத்தான் பின்னர் ஆக்ஸிகான்டினுக்குப் பயன்படுத்தின என்பது கீஃபின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆக்ஸிகான்டினுக்குள் இருப்பது ஒன்றும் புதிய மருந்தல்ல. அபின் செடியில் கிடைக்கும் தீபெய்ன் என்ற பொருளிலிருந்து ஜெர்மனியில் 1916-லேயே உருவாக்கப்பட்ட ஆக்ஸிகோடோன்தான் அது. புதுமை என்னவென்றால் அளவு. பழைய வலி மாத்திரைகளில் 5 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன் இருந்தது. ஆக்ஸிகான்டினில் 10, 20, 40, 80 என்று ஏறி, சிறிது காலம் 160 மில்லிகிராம் மாத்திரைகூட விற்பனையில் இருந்தது. இவ்வளவும் ஒரே சமயத்தில் இரத்தத்தில் கலந்துவிடாமல் 12 மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாகக் கசியும்படி மாத்திரையை அமைத்திருந்தார்கள். இப்படி மெல்லக் கசிவதால் தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு குறைவு என்று நம்பப்படுவதாக, மருந்தோடு வரும் அச்சிட்ட குறிப்பில் ஒரு வாக்கியம் இடம்பெற்றது. நம்பப்படுகிறது! யாரால்? எந்தச் சோதனையின் பேரில்? அப்படி ஒரு சோதனையே நடக்கவில்லை. அந்த விண்ணப்பத்தைப் பரிசீலித்த அரசாங்க அதிகாரி பின்னாளில் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததைக் கீஃப் விவரிக்கும் பக்கங்களைப் படித்தால் வயிறு எரியும். அதே குறிப்பில், மாத்திரையைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக வெளிப்பட்டு ஆபத்தாகும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. பூட்டைப் பற்றிய எச்சரிக்கையே திருடனுக்குச் சாவி ஆயிற்று.

நூலில் வரும் இன்னொரு சங்கதியை விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மொத்தம் ஐந்தே வாக்கியங்கள். ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது அபின் இன மருந்து பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், முன்பு அந்தப் பழக்கம் இல்லாதிருந்து புதிதாக அடிமையானவர்கள் என்று தெளிவாகச் சொல்லத்தக்கவர்கள் 4 பேர்தான் என்பது செய்தி.

கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு நர்ஸ் எண்ணி எண்ணி மருந்து கொடுக்கிறார். வலி அடங்கியதும் நிறுத்திவிடுகிறார். அந்த நிலைமைக்கு அது பொருந்தும். முதுகுவலிக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் வீட்டில் வைத்துச் சாப்பிடும் மாத்திரைக்கு அதை எப்படிப் பொருத்துவது? வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்த ஐந்து வாக்கியங்கள் சொல்லவில்லை. ஆனாலும் அபின் இன மருந்தால் அடிமையாவது அபூர்வம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்று இருப்பதாக ஊரெங்கும் பேசினார்கள். கம்பெனியின் விற்பனையாளர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இதை 2017-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள் சிலர் பொறுமையாக எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் கடிதத்தைச் சுட்டிய கட்டுரைகள் 608. அவற்றுள் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியிருந்தன. அந்நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் என்று சொல்லாமல் விட்டவை 491. மேற்கோள் காட்டுகிறவர்கள் மூலத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்ற வியாதி நம் கல்லூரிகளுக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிகிறது.

பிறகு வழக்குகள். 2007-ல் பர்டியூ ஃபிரெடரிக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 60 கோடி டாலர் கட்டியது. அதிகாரிகள் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எவரும் சிறைக்குப் போகவில்லை. வர்ஜீனியாவின் அரசு வழக்கறிஞர்கள் இன்னும் கடுமையான குற்றச்சாட்டுக்கு ஆயத்தமாக இருந்தும், மேலிடத்தில் அது எப்படித் தணிக்கப்பட்டது என்று கீஃப் ஆவணங்களோடு காட்டுகிறார். நூலின் மிகச் சிறந்த பகுதி இதுதான். 2019-ல் கம்பெனி திவால் மனுப் போட்டதோடு நூல் ஏறத்தாழ முடிகிறது. குடும்பத்தைப் பாதுகாக்கும் வகையில் அமைந்த ஒப்பந்தத்தை 2024-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2025-ல் 740 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இவை நூலுக்குப் பிந்தியவை.

நிற்க. 500 பக்கங்களில் ஆயிரமாயிரம் பேர் சாகிறார்கள். அவர்கள் எப்படிச் சாகிறார்கள்? இதை விளக்க நூலில் இடமே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் காக்கும் வழியும் புரியாது.

நம் மூளையின் அடிப்பகுதியில், முகுளம் என்ற இடத்தில், மூச்சின் தாளத்தை நடத்தும் நரம்பணுக்கள் இருக்கின்றன. இரத்தத்தில் கரியமிலவாயு கூடினால் "மூச்சை இழு" என்று கட்டளையிடுவது அவற்றின் வேலை. இந்த அணுக்களின் மேற்பரப்பில் சில பூட்டுகள் உண்டு. மார்ஃபீன், ஹெராயின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் எல்லாம் அந்தப் பூட்டில் நுழையும் சாவிகள். சாவி நுழைந்தால் கட்டளை மந்தமாகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை மூச்சு விட்டவர் பத்து, ஐந்து, இரண்டு என்று இறங்குகிறார். உதடு நீலம் பாய்கிறது. திணறல் இல்லை, கூச்சல் இல்லை. பக்கத்தில் இருப்பவர் தூங்குவதாக நினைத்துப் போர்வையை இழுத்துவிடுவார்.

கவனியுங்கள்: இதயம் கெடவில்லை, நுரையீரல் கெடவில்லை. கட்டளை மட்டும் நின்றிருக்கிறது. அந்தப் பூட்டிலிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டால் மனிதர் எழுந்து உட்காருவார். பிடுங்கும் பொருளும் கைவசம் இருக்கிறது. அதன் பெயர் நாலக்ஸோன். ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் என்ற இருவர் 1961-ல் இதற்கு உரிமம் கோரினார்கள். 1971-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. நாலக்ஸோன் அதே பூட்டில் இன்னும் இறுக்கமாக உட்காரும், ஆனால் எதையும் திறக்காது. ஊசியாகவோ மூக்கில் பீச்சியோ கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். போதை தராது, விலையும் ஊசி வடிவில் அதிகமில்லை. ஒரு குறை உண்டு: அதன் வலிமை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரையில்தான். அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தேவையானால் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

இப்போது ஆண்டுகளைப் பாருங்கள். 1996-ல் ஆக்ஸிகான்டின் கடைக்கு வந்தது. அதே 1996-ல் சிகாகோ நகரில் 'சிகாகோ ரெக்கவரி அலையன்ஸ்' என்ற சிறு அமைப்பு, ஆஸ்பத்திரி அலமாரிக்குள் இருந்த நாலக்ஸோனை வெளியே எடுத்து, ஹெராயின் பழக்கம் உள்ளவர்களின் கையிலேயே கொடுக்கத் தொடங்கியது. அதிர்ச்சியாக இருக்கிறதல்லவா? ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவர் மூச்சு நிற்கும்போது அருகில் இருக்கப்போகிறவர் யார்? டாக்டரா? அவருடைய கூட்டாளியும் மனைவியும் தாயும்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 19 ஊர்களில் இப்படி மருந்தும் பயிற்சியும் கொடுத்ததன் பலனை அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். திட்டம் சிறிதளவு நடந்த ஊர்களில் மரண விகிதம், நடக்காத ஊர்களைவிட 27 சதவீதம் குறைவு. நன்றாக நடந்த ஊர்களில் 46 சதவீதம் குறைவு. ஒரு பக்கம் கோடிக்கணக்கில் பணம் கொட்டும் விற்பனைப் படை. மறு பக்கம் தெருவில் நின்று குப்பி கொடுக்கும் சிலர். நாவலாசிரியனின் கண் கொண்ட கீஃபுக்கு இந்த இரட்டைக் காட்சி படாமல் போனது எனக்கு வியப்புதான்.

"உயிர் பிழைக்க வழி வைத்தால் துணிந்து போதை ஏற்றிக்கொள்வார்களே" என்பார்கள் சிலர். நாலக்ஸோன் கிடைத்தவர் சுகமாக எழுவதில்லை. வாந்தி, நடுக்கம், உடம்பு முறுக்கல் என்று அவதிப்பட்டுத்தான் எழுகிறார். அதை நம்பி யாரும் கூடுதலாக ஒரு வேளை போட்டுக்கொள்ள மாட்டார்கள். தீயணைப்பு வண்டி இருப்பதால் யாராவது வீட்டைக் கொளுத்திக்கொள்கிறார்களா?

உயிரை ஒருமுறை மீட்பது ஒரு வேலை. மறுபடியும் அந்த நிலை வராமல் பார்ப்பது இன்னொரு வேலை. அதற்கும் மருந்துகள் உண்டு. மெத்தடோனை 1960-களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற டாக்டர்கள் பயன்படுத்திக் காட்டினார்கள். புப்ரினார்ஃபீன் பிறகு வந்தது. அதுவும் அந்தப் பூட்டுக்கான சாவிதான், ஆனால் பாதிதான் திருகும். ஏக்கம் அடங்கும், மூச்சு அவ்வளவாக அடங்காது. ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் வெளிவந்த தொகுப்பின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் மரண விகிதம் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 11. சிகிச்சையை விட்ட காலத்தில் 36.

பிரான்ஸ் நாட்டைப் பாருங்கள். 1990-களின் நடுவில் அங்கே எந்தக் குடும்ப டாக்டரும் புப்ரினார்ஃபீன் எழுதித் தரலாம் என்று அனுமதித்தார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையே அந்நாட்டில் இவ்வகை மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன. அமெரிக்காவில் என்ன செய்தார்கள் தெரியுமா? 80 மில்லிகிராம் ஆக்ஸிகான்டின் எழுத டாக்டருக்கு வழக்கமான பதிவு போதும். அதற்கு அடிமையானவரை மீட்கப் புப்ரினார்ஃபீன் எழுத வேண்டுமானால் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டு மணி நேரத் தனிப் பயிற்சி, அரசிடம் தனி அனுமதி, தொடக்கத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் கூடாது என்ற கட்டு. கொளுத்த உரிமம் எளிது, அணைக்கத்தான் மனுப் போட வேண்டும்! இந்தத் தனி அனுமதி முறை 2022 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. கீஃபின் நூல் வெளிவந்தபோது அது நடைமுறையில் இருந்தது. அதைச் செய்தது எந்தச் சாக்லரும் அல்ல. ஆகவே அது இந்தக் கதைக்குள் வரவில்லை.

என் குறையின் மையம் இங்கேதான். வில்லன் இருக்கும் இடத்தில் மட்டும் விளக்கு அடிக்கிறது இந்த நூல். 2010-ல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பொடிக்க முடியாதபடி ஆக்ஸிகான்டின் மாத்திரையைக் கம்பெனி மாற்றியமைத்தது. கேட்க நல்ல காரியம். ஆனால் ஏற்கெனவே அடிமையாகியிருந்தவர்களுக்கு மாற்றுச் சிகிச்சை ஏற்பாடு இல்லை. அவர்களில் பலர் தெருவில் மலிவாகக் கிடைத்த ஹெராயினுக்குப் போனார்கள். 2010-ல் ஏறத்தாழ 3,000 ஆக இருந்த ஹெராயின் மரணங்கள் 2014-ல் 10,000-ஐத் தாண்டின. அதன்பின் கள்ள ஃபென்டனில் வந்து அனைத்தையும் விழுங்கியது. கீஃப் இதைக் குறிப்பிடுகிறார். ஆனால் கம்பெனியின் பேராசைக்கு இன்னொரு சாட்சியாக மட்டும். சரக்கை அடைத்துவிட்டு நோயாளியைக் கைவிட்டால் சாவு கூடும் என்ற பாடம், குற்றவாளி யாராக இருந்தாலும் பொருந்தும். நல்லெண்ணத்தோடு செய்யும் அரசுக்கும் பொருந்தும்.

சிறை விஷயத்திலும் இதே கதை. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான கைதிகளைப் பற்றி 2007-ல் வந்த ஆய்வில், வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் போதை மருந்தால் சாகும் அபாயம் பொதுமக்களைப் போல் 129 மடங்கு என்று கண்டார்கள். காரணம் உடலியல். தொடர்ந்து உட்கொள்ளும்போது உடம்பு பழகிக்கொள்கிறது. சிறையில் சில மாதம் இல்லாமல் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே போட்டுக்கொள்கிறார். புதிய உடம்பு அதைத் தாங்குவதில்லை. சிகிச்சை தராமல் வெறுமனே பட்டினி போட்டு "திருத்தும்" எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

ஆசிரியருக்கு நியாயம் செய்ய வேண்டும். கொள்ளைநோயைப் பற்றி வேறு நல்ல நூல்கள் இருக்கின்றன, தாம் எழுதியது ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை என்று பின்னுரையில் அவரே சொல்லிவிடுகிறார். மாமரத்தில் ஏன் பலா காய்க்கவில்லை என்று கேட்பது முறையல்லதான். ஆனால் பரிசும் புகழும் பெற்றுக் கடைகளின் முன்வரிசையில் நிற்கும் நூல், ஆசிரியர் வகுத்த வேலியோடு நிற்பதில்லை. வாசகர் அதையே கொள்ளைநோயின் முழு வரலாறாக எடுத்துக்கொள்வார். மியூசியங்களின் சுவரிலிருந்து ஒரு குடும்பத்தின் பெயரைச் சுரண்டி எடுத்ததை வெற்றியாகப் படித்து மகிழ்வார். நூல் வந்த 2021-ஆம் ஆண்டே மரணத் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2023-ல் நாலக்ஸோன் மூக்கு மருந்தைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். 2024-ல் மரணங்கள் சுமார் 80,000 ஆக இறங்கின. அதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். நாலக்ஸோன் பரவலானது அவற்றுள் ஒன்று. எந்த நீதிமன்றத் தீர்ப்பையும் யாரும் காரணமாகச் சொல்லவில்லை.

தமிழ் வாசகர் இந்த நூலைப் படிக்கும்போது இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். "அபின் இன மருந்தே பாவம்" என்ற எண்ணத்தோடு நூலை மூடிவிடக்கூடாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபின் பயிராகும் நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் மார்ஃபீன் வைத்துக்கொள்ளவே அஞ்சின. உரிமம் ஒன்றல்ல, பல. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகும். நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபீன் 97 சதவீதம் சரிந்து, 1997-ல் வெறும் 18 கிலோவாகியது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் மருந்து விளையும் நாட்டிலேயே மருந்தில்லாமல் துடித்தார்கள். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. அத்தியாவசிய வலி மருந்துகளுக்குப் பல உரிமங்கள் போய் ஒரே அனுமதி போதும் என்றாயிற்று. சட்டம் மாறிய பிறகும் பல ஊர்களில் மார்ஃபீன் மாத்திரை கிடைப்பது அரிதாகத்தான் இருக்கிறது.

இந்த நூல் தமிழில் வருமானால் நான் மகிழ்வேன்; விளம்பரத்தின் தந்திரங்களைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் குறைவு. மொழிபெயர்ப்பவர் முன்னுரையில் இரண்டு பக்கம் ஒதுக்கி, நாலக்ஸோன் என்றால் என்ன, புப்ரினார்ஃபீன் என்றால் என்ன, புற்றுநோயாளிக்கு மார்ஃபீன் ஏன் வேண்டும் என்று எழுதிச் சேர்க்க வேண்டும். மூல நூலை ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர்கள், ஆர்தரின் ஓவியச் சேகரிப்பு பற்றிய அத்தியாயங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, 2007 வழக்கைப் பற்றிய பக்கங்களை நிதானமாகப் படியுங்கள்.